திரும்பிப் போகாத படப்பெட்டிகள்



அர்ஜென்டினாவின் பியூனஸ் அய்ரஸ் நகரில், பல ஆண்டுகளுக்கு முன், ஒரு திரைப்படச் சங்கத்தார் பழைய ஜெர்மன் மௌனப் படம் ஒன்றைத் திரையிட்டார்கள். பிரிண்ட் நைந்துபோயிருந்தது. புரொஜெக்டருக்குள் நேராக ஓடாமல் துள்ளிக்கொண்டே இருந்தது. சங்கத்தை நடத்தியவர் படம் முடியும்வரை எந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, சுருளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டரை மணி நேரம் அப்படி நின்றதாகப் பின்னாளில் சொல்லிப் புலம்பினார். அந்தப் புலம்பல் பெர்னாண்டோ மார்ட்டின் பெஞ்ஞா என்ற திரைப்பட ஆய்வாளரின் காதுக்கு எட்டியபோது, அவரைத் தூக்கிப்போட்டது கைவலி அல்ல, நேரக் கணக்கு. படம் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த பிரதிகள் அதைவிட மிகவும் குறைந்த நேரமே ஓடும். அப்படியானால் இந்தப் பிரிண்டில் வேறு என்னவோ இருக்கிறது!

‘மெட்ரோபோலிஸ்’ 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முழுப் படமாக வெளியானது. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. அமெரிக்க விநியோகத்துக்காக பாராமவுண்ட் நிறுவனம் கத்தரி போட்டது. ஜெர்மனியில் உஃபா நிறுவனமும் வெட்டியது. ஏறக்குறைய கால்வாசிப் படம் காணாமல் போயிற்று. வெட்டுப்படுவதற்கு முன்பே ஒரு பிரதியை வாங்கி அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோயிருந்தார் அடால்ஃபோ வில்சன் என்ற விநியோகஸ்தர். அது பிறகு ஒரு விமர்சகரின் சேகரிப்புக்குப் போய், அங்கிருந்து அரசு நிதியம் ஒன்றின் கைக்கு மாறி, கடைசியில் அந்நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தை அடைந்தது. இடையில் யாரோ அதை 16 மி.மீ. சுருளுக்கு நகல் எடுத்தார்கள். தீப்பிடிக்கும் ஆபத்துள்ள மூலப் பிரதியைக் கழித்துவிட்டார்கள். பெஞ்ஞா பல ஆண்டுகள் கேட்டும் அந்தப் பெட்டிகளைப் பார்க்க வழி பிறக்கவில்லை. 2008-இல் பவுலா ஃபெலிக்ஸ்-டிடியே அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்ற பிறகு இருவருமாகத் தேடினார்கள். சுருள்கள் அலமாரியிலேயே இருந்தன. எண்பது ஆண்டுகளாகத் தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட சுமார் 25 நிமிடக் காட்சிகள் அவற்றில் இருந்தன.

அர்ஜென்டினாவில் நடந்தது அபூர்வ அதிர்ஷ்டம் என்று தோன்றலாம். மௌனப் படங்கள் பிழைத்த கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் அப்படித் தோன்றாது. திரும்பத் திரும்ப ஒரே கதைதான் வருகிறது. படத்தை எடுத்தவர்கள் அதை அழித்தார்கள். வாடகைக்கு வாங்கிய தூரத்து ஊர்க்காரர் பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. படம் பிழைத்தது.

அந்தக் காலத்து வியாபாரம் அப்படி. மௌனப் படத்தின் ஆயுள் சில மாதங்கள்தான். முதலில் பெரிய நகரம், பிறகு சிறிய ஊர், பிறகு கடல் கடந்த நாடு என்று பெட்டி சுற்றும். சுற்றி முடித்ததும் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அங்கேயே அழிக்கப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். திரும்பி வந்த பிரிண்டைக் கம்பெனி என்ன செய்யும்? கழுவினால் வெள்ளி கிடைக்கும். மிச்சத்தை எரித்துவிடும். 1929-க்குள் பேசும் படம் வந்து நிலைத்துவிட்டது. அதன்பின் பேசாத படத்தைக் காப்பதால் ஒரு காசு லாபமில்லை. யூனிவர்சல் நிறுவனம் 1948-இல் தன்னிடம் எஞ்சியிருந்த மௌனப் பட நெகடிவ்களைத் தானே அழித்தது. அதற்கு முன்பே, 1937-இல், நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு தீப்பற்றி அதன் மௌனப் படங்களில் பெரும்பகுதி போயிற்று. பிரான்சின் ஜார்ஜ் மெலியே கடன் தொல்லையில் மனம் வெறுத்து, 1923-இல் தன் நெகடிவ்களைத் தானே தீயிட்டார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் எடுக்கப்பட்ட சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில் வெளியான காலத்து வடிவிலேயே முழுமையாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்கிறது.

கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் பிரதேசத்தில் டாசன் என்று ஓர் ஊர். தங்க வேட்டைக்காகக் கூட்டம் குவிந்து, தங்கம் தீர்ந்ததும் கலைந்துபோன ஊர். படப்பெட்டி போகும் பாதையின் கடைசி நிறுத்தம் அது. அங்கே படம் போய்ச் சேர்வதற்கே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதன்பின் அதைத் திருப்பி அனுப்பும் செலவை ஏற்க எந்தக் கம்பெனியும் தயாராக இல்லை. உள்ளூர் வங்கிக்காரர்கள் அந்தச் சுருள்களை நூலகத்தின் நிலவறையில் அடுக்கிவைத்தார்கள். இடம் நிறைந்தது. பல பெட்டிகளை ஆற்றில் வீசினார்கள், பலவற்றை எரித்தார்கள். 1929-இல் ஊரின் பழைய நீச்சல் குளத்தை மூடி ஹாக்கி ஆடுகளமாக்கும் வேலை நடந்தபோது, மிச்சமிருந்த சுருள்களைக் குளத்துக்குள் கொட்டி மேலே மண்ணைப் போட்டார்கள். உறைபனி மண் அது. 1978-இல் கட்டட வேலைக்காகத் தோண்டிய எந்திரத்தின் வாயில் சுருள்கள் சிக்கின. 533 ரீல்கள். விமானக் கம்பெனிகள் ஏற்ற மறுத்ததால் கனடிய விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானம் அவற்றைத் தெற்கே கொண்டுவந்தது. வேறெங்கும் இல்லாத படங்களும், 1919-ஆம் ஆண்டின் பேரூழலுக்கு ஆளான அமெரிக்க பேஸ்பால் போட்டியின் செய்திப்படமும் அவற்றில் இருந்தன. பில் மாரிசன் 2016-இல் எடுத்த ‘டாசன் சிட்டி: ஃப்ரோஸன் டைம்’ என்ற ஆவணப்படத்தைப் பார்ப்பவர்கள், பல காட்சிகளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக அலையடிப்பதைக் காணலாம். பனி உருகிய தண்ணீர் சுருளின் விளிம்பில் ஏறிய தடம் அது.

நியூசிலாந்தும் இப்படிப்பட்ட ஒரு கடைசி நிறுத்தம்தான். ஜான் ஃபோர்டின் ‘அப்ஸ்ட்ரீம்’ (1927) அங்கிருந்துதான் 2010-இல் அமெரிக்காவுக்குத் திரும்பியது. ஹிட்ச்காக் உதவி இயக்குநராக உழைத்த ‘தி ஒயிட் ஷாடோ’ (1924) படத்தின் முதல் மூன்று ரீல்களும் அங்கே கிடைத்தவையே.

கார்ல் தியோடர் டிரேயரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ படத்துக்கு நேர்ந்ததை எத்தனை முறை சொன்னாலும் நெஞ்சு பதறும். 1928-இல் படம் வெளியான அதே ஆண்டில் பெர்லினில் அதன் நெகடிவ் தீயில் கருகியது. டிரேயர் சளைக்கவில்லை. படப்பிடிப்பில் ஒதுக்கிய மாற்று ‘டேக்’குகளை எடுத்து, ஷாட்டுக்கு ஷாட் பொருத்தி, படத்தை மறுபடியும் கட்டினார். அடுத்த ஆண்டே அந்த இரண்டாவது நெகடிவும் பிரான்சில் ஓர் ஆய்வகத் தீயில் போயிற்று. அதன்பின் உலகம் பார்த்ததெல்லாம் பிறர் ஒட்டுப்போட்ட பிரதிகள். டிரேயர் 1968-இல் இறந்தார். 1981-இல் நார்வேயில், ஓஸ்லோவை அடுத்த டிகெமார்க் மனநல மருத்துவமனையில், ஒரு மூலையை ஒழித்தபோது சில படச்சுருள் டப்பாக்கள் கிடைத்தன. மேலே டேனிஷ் தணிக்கைத் துறையின் சீட்டு. பிரித்துப் பார்த்தால், டிரேயர் முதன்முதலில் வெட்டி ஒட்டி முடித்த அதே படம். ஜோனாக நடித்த ஃபல்கோனெட்டியின் முகத்தில் தெரியும் ஒவ்வொரு அசைவும் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்தவர் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இவ்வளவு படங்கள் ஏன் எரிந்தன என்பதற்குப் பதில் சுருளுக்குள்ளேயே இருக்கிறது. 1950-களின் தொடக்கம்வரை தொழில்முறைப் படச்சுருள் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்வது. வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு. தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொள்ளும் என்பதால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. சிதையத் தொடங்கிய நைட்ரேட் சுருள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் நாள்கணக்கில் கிடந்தாலே தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். சென்னையின் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், காற்றுப் புகாத டப்பாவில் அடைபட்ட ஒரு படத்தின் கதி என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

எரியாவிட்டாலும் அது சாகும். முதலில் உருவம் மங்கிப் பழுப்பேறும். பிறகு சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும். அடுத்து மேலே குமிழ் குமிழாகப் பழுப்புநிறப் பிசின் பொங்கும். மூக்கைத் துளைக்கும் நெடி வரும். பின்னர் ரீல் முழுவதும் ஒரே கட்டியாக இறுகும். முடிவில் துருப்பிடித்த தூளாக உதிர்ந்துவிடும். முதல் இரண்டு நிலைகளில் கண்டுபிடித்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் மீட்கலாம். மூன்றாவது நிலையில் கிடைத்ததை வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

ஆய்வகத்தில் மீட்பு வேலை தொடங்குவது கணினியில் அல்ல, ஒரு மேசையில். அடியில் விளக்கெரியும் மேசை, இரண்டு கைப்பிடிச் சக்கரங்கள், நடுவில் உருப்பெருக்கி. பருத்திக் கையுறை போட்ட தொழில்நுட்பர் ஒருவர் சுருளை அடி அடியாகக் கையால் ஓட்டிப் பார்க்கிறார். சுருள் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளக்கிறார், ஏனென்றால் ஒரு சதவீதம் சுருங்கினாலே ஓரத்துத் துளைகள் எந்திரத்தின் பற்களோடு பொருந்தாமல் கிழியும். கிழிந்த துளைகளை ஒவ்வொன்றாக ஒட்டுகிறார். விளிம்பில் கோடாக் கம்பெனி அச்சிட்ட சிறு வட்டமும் சதுரமும் முக்கோணமும் தெரிகின்றன. அந்தக் குறிகளின் சேர்க்கையிலிருந்து சுருள் தயாரான ஆண்டைச் சொல்லிவிடலாம். பெயரில்லாத, முதல் ரீல் தொலைந்த படங்கள் பலவற்றுக்கு ஜாதகம் கணித்துத் தந்தவை இந்தக் குறிகளே.

அதன்பின் வருபவை ரசனை சார்ந்த முடிவுகள். மௌனப் படம் கையால் சுற்றிய கேமராவில் எடுக்கப்பட்டது. விநாடிக்கு 16 சட்டமும் இருக்கலாம், 20-ம் இருக்கலாம். அதைப் பேசும் படத்தின் 24 சட்ட வேகத்தில் ஓட்டியதால்தான் பழைய படத்து மனிதர்கள் தத்தக்கா பித்தக்கா என்று நடப்பதாக நாம் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சரியான வேகத்தில் பார்த்தவர்களுக்கு அந்த நடிகர்களின் நிதானம் புரியும். கறுப்பு வெள்ளை என்பதும் பாதி உண்மைதான். இரவுக் காட்சிக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள், தீ விபத்துக்குச் சிவப்பு என்று சுருளையே சாயத்தில் முக்கியெடுத்த படங்கள் ஏராளம். பிற்காலத்தில் நகல் எடுத்தவர்கள் சாயத்தை விட்டுவிட்டார்கள்.

‘மெட்ரோபோலிஸ்’ மீட்பில் இதைவிடக் கடினமான கேள்வி எழுந்தது. எந்தக் காட்சி எங்கே வர வேண்டும்? கைகொடுத்தது இசை. காட்ஃபிரீட் ஹூப்பர்ட்ஸ் 1927-இல் எழுதிய இசைக்குறிப்பில், இசைக்குழுவுக்கு வழிகாட்டுவதற்காகக் காட்சிக் குறிப்புகள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. அந்தத் தாளைப் பார்த்துப் படத்தைக் கோத்தார்கள். அர்ஜென்டினாவில் கிடைத்த காட்சிகளிலோ கீறல் மழை. தேய்ந்துபோன பிரதியிலிருந்து நகல் எடுத்ததால் கீறலும் எண்ணெய்க் கறையும் படத்தின் பகுதியாகவே பதிந்துவிட்டன. 16 மி.மீ. சட்டத்தில் அடங்காமல் படத்தின் மேல்பகுதியும் ஓரமும் வெட்டுப்பட்டிருந்தன. முர்னாவ் அறக்கட்டளையின் மீட்பாளர்கள் முடிந்தவரை சுத்தம் செய்தார்கள். வெட்டுப்பட்ட இடத்தைக் கறுப்பாகவே விட்டார்கள். பார்வையாளருக்கு எது புதிதாகக் கிடைத்தது என்று ஒவ்வொரு முறையும் தெரிகிறது. இதுவே சரியான வழி. இன்று கணினி நினைத்தால் இல்லாத ஓரத்தை வரைந்து நிரப்பிவிடும். அது மீட்பு ஆகாது. பழைய படத்தின் பெயரில் புதுப்படம் எடுப்பது. இன்றும் கிடைக்காத இரண்டு காட்சிகளை அட்டை எழுத்தில் சொல்லிவிட்டு நகர்ந்த நேர்மையையும் இங்கே பாராட்ட வேண்டும். 2010 பிப்ரவரி 12 அன்று பெர்லின் திரைப்பட விழாவில் முழு இசைக்குழுவோடு படம் திரையேறியது. கொட்டும் பனியின் பருவத்தில், பிராண்டன்பர்க் வாயிலின் முன் வைத்த பெரிய திரையிலும் மக்கள் நின்று பார்த்தார்கள்.

அந்த இரவோடுதான் அந்தப் படத்தின் மீட்பு முழுமை பெற்றது என்று சொல்ல வேண்டும். மௌனப் படம் பெரும்பாலும் மௌனமாகக் காட்டப்பட்டதில்லை. பெர்லினில் இசைக்குழு, சிற்றூரில் ஒற்றைப் பியானோ, ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் பென்ஷி. நம் ஊர்க் கொட்டகையிலும் ஆர்மோனியமும் தாளமும் உண்டு. திரையோரம் நின்று காட்சியை விளக்கிக் குரல் கொடுத்தவர்களும் உண்டு. குளிர்பதனக் கிடங்கில் சுருள் பத்திரமாக இருப்பது பாதி வேலைதான். கூட்டமும் இசையும் சேர்ந்தால்தான் அது படம்.

அதற்காகவே வாழும் ஊர் இத்தாலியின் போர்தெனோனே. 1976-இல் அந்தப் பகுதியை நிலநடுக்கம் சிதைத்தது. வீடிழந்து கூடாரங்களில் தங்கியிருந்த குழந்தைகளுக்கு ஜெனோவாவிலிருந்து ஒருவர் பழைய படங்களைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார். அந்தத் திரையிடல்களின் தொடர்ச்சியாக அங்கே ஒரு திரைப்படக் காப்பகம் பிறந்தது. 1982-இல், நகைச்சுவை நடிகர் மாக்ஸ் லிண்டரின் படங்களோடு, அந்தக் காப்பகத்தாரும் போர்தெனோனேயின் திரைப்பட அன்பர்களும் மௌனப் பட விழாவைத் தொடங்கினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய விருந்தினர்கள்தான் முதலில் வந்தார்கள். இன்று ஒவ்வொரு அக்டோபரிலும் உலகின் காப்பகக்காரர்கள், ஆய்வாளர்கள், இசைக்கலைஞர்கள் எல்லாரும் அங்கே கூடுகிறார்கள். காலை முதல் நள்ளிரவுவரை படங்கள். பியானோக்காரர்கள் முறைவைத்து வாசிக்கிறார்கள். பல படங்களை அவர்களே முன்னால் பார்த்திருக்க மாட்டார்கள். திரையில் கண், கட்டையில் விரல். அந்த வித்தையை இளையோருக்குச் சொல்லித்தரும் வகுப்பும் விழாவிலேயே நடக்கிறது.

அந்த ஊருக்குக் கிடைத்த பரிசும் திரும்பிப் போகாத ஒரு பெட்டிதான். ஆர்சன் வெல்ஸ் ‘சிட்டிசன் கேன்’ எடுப்பதற்கு முன், 1938-இல், ஒரு நாடகத்துக்கு நடுவே காட்டுவதற்காக ‘டூ மச் ஜான்சன்’ என்ற பேசாப் படத்தை எடுத்தார். அதன் ஒரே பிரதி 1970-இல் தன் ஸ்பெயின் வீட்டுத் தீயில் போய்விட்டதாக அவர் நம்பினார். அதன் நைட்ரேட் சுருள்கள் போர்தெனோனேயிலேயே ஒரு சரக்குக் கிடங்கில் கிடந்தன! மீட்கப்பட்டு 2013 அக்டோபரில் அதே ஊர் விழாவில் முதன்முதலாகத் திரையேறியது.

இத்தாலியின் பொலோன்யா நகரில் 1986 முதல் நடக்கும் பழைய படங்களின் விழாவும் குறைந்ததல்ல. நகரின் நடுச் சதுக்கத்தில் கோடை இரவில் ஆயிரக்கணக்கானோர் தரையிலும் நாற்காலியிலும் உட்கார்ந்து சாப்ளினைப் பார்க்கிறார்கள். வேறொரு முற்றத்தில் கார்பன் குச்சி எரியும் பழைய புரொஜெக்டரையும் ஓட்டுகிறார்கள். நம் டென்ட் கொட்டகை ஆப்பரேட்டர்கள் ஒரு காலத்தில் கரியைத் தள்ளித் தள்ளி ஒளி கூட்டிய அதே முறை.

இந்தியாவின் கணக்கு மனத்தைக் கனக்கச் செய்வது. 1,300-க்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் இங்கே எடுக்கப்பட்டன. துண்டு துணுக்குகளையும் சேர்த்தால்கூட எஞ்சியவை முப்பதைத் தொடுவதே அரிது. ஃபால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வே (1913) நான்கு ரீலில் இரண்டாகத்தான் நம்மிடம் இருக்கிறது. புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகத்துக்காக பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சேர்க்காமல் இருந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. அதே புனேயில் 2003 ஜனவரியில் நைட்ரேட் கிடங்கு ஒன்று தீப்பற்றியதையும் மறக்க முடியாது.

நன்றாகப் பிழைத்த இந்தியப் படங்கள் எவை என்று பாருங்கள். ஹிமான்சு ராய் தயாரித்து ஃபிரான்ஸ் ஆஸ்டன் இயக்கிய ‘ஷிராஸ்’ (1928), ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ (1929). இரண்டுமே வெளிநாட்டுக் கூட்டுத் தயாரிப்புகள். லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தில் இருந்தன. ‘ஷிராஸ்’ மீட்கப்பட்டு 2017-இல் அனுஷ்கா சங்கரின் இசையோடு லண்டனில் திரையேறி, அடுத்த மாதமே இந்திய நகரங்களுக்கும் வந்தது. கல்கத்தாவில் தயாரான ‘பில்வமங்கள்’ (1919) படத்தின் ஒரு பகுதி பாரிஸில் கிடைத்தது. 2016-இல் புனே காப்பகம் ‘ஜமாய் பாபு’ என்ற வங்காள மௌனப் படத்தின் நகலைக் கொடுத்து ‘பில்வமங்கள்’ படத்தின் நகலைப் பெற்றது. நம் படத்தைத் தேடவே நாம் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது.

தென்னிந்தியாவுக்கென்று நமக்கு மிஞ்சிய சாட்சி ‘மார்த்தாண்ட வர்மா’. நாகர்கோவில் சுந்தர் ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கி, 1933-இல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் வெளியான படம். சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவியது. நாவலின் உரிமை தங்களுடையது என்று கமலாலயா புத்தகக் கடை வழக்குப் போட்டது. படம் நிறுத்தப்பட்டது. பிரிண்ட் கடைக்காரர் வசம் போனது. தயாரிப்பாளர் நொடித்துப்போனார். பிரிண்ட் வேறு ஊர்களைச் சுற்றித் தேயவும் இல்லை, வெள்ளிக்காகக் கழுவப்படவும் இல்லை. நாற்பது ஆண்டுகள் ஒரு புத்தகக் கடையின் பொறுப்பில் கிடந்து, 1974-இல் புனே காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. சுந்தர் ராஜின் உறவினரான ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ வழக்கில் சிக்கவில்லை. அதன் ஓர் அங்குலம்கூட இன்று இல்லை.

சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரியாக இருந்த ஆர். நடராஜ முதலியார், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் கேமரா பிடிக்கக் கற்று, புரசைவாக்கத்தில் ஸ்டுடியோ போட்டு எடுத்த ‘கீசக வதம்’ இல்லை. ஏ. நாராயணனின் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் எடுத்த படங்கள் இல்லை. தியடோர் பாஸ்கரன் போன்ற வரலாற்றாளர்கள் பழைய பத்திரிகைகளிலிருந்தும் அரசு ஆவணங்களிலிருந்தும் திரட்டித் தந்ததை வைத்துத்தான் அவற்றைப் பற்றிப் பேசுகிறோம். பர்மா, இலங்கை, மலாயா என்று தமிழர் போன வழியெல்லாம் படப்பெட்டியும் போயிருக்க இடமுண்டு. அந்த நாடுகளின் பழைய கொட்டகைகள், கோயில் சங்கங்கள், வியாபாரக் குடும்பங்களின் பரண்கள் இவற்றில் முறையான தேடல் வேண்டும். அதற்கு அரசு பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். டாசன் போன்ற ஒரு மூலையில் படம் கிடைத்தது என்றால் யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ ஏன் கிடைக்கக் கூடாது?

இந்த அவையில் பழைய கொட்டகைக் குடும்பத்தார் இருக்கக்கூடும். உங்கள் வீட்டிலோ கிடங்கிலோ 1950-களுக்கு முந்தைய டப்பா இருந்தால் மூடிய அறையில் திறக்காதீர்கள். பக்கத்தில் விளக்கோ சிகரெட்டோ வேண்டாம். கடும் நெடி வந்தால் நைட்ரேட் சிதைகிறது; வினிகர் வாசனை வந்தால் பிற்காலத்து அசிட்டேட் சுருள். எதுவாக இருந்தாலும் புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். கூரியரில் அனுப்பவும் கூடாது, ஆபத்தான சரக்கு அது. வீட்டிலேயே குளிர்ச்சியான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிவிட்டுப் புனே காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு எவ்வளவு அழுக்காக இருந்தாலும் கிழிக்காதீர்கள். டிரேயரின் படத்தை அடையாளம் காட்டியது அப்படியொரு சீட்டுதான்.